சீனியம்மா இழை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கடலோரத்துல மணல்மேடுன்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல சாயக்காரி சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பாட்டனுக்கு அப்பத்தா முறை. நடுவுல யாரும் பேசாதீக, பேசுனா எந்திரிச்சுப் போயிருவேன்.

அந்த ஊரு அம்மனுக்கு ஆடிக்கு ஆடி செவப்புச் சேலை. சாயவேரை இடிச்சுக் காய்ச்சி நூலுக்கு ஏத்துறது சீனியம்மா வீட்டு உரிமை. சேலை வெளிறுனா உரிமை போச்சு, அடுத்த வீட்டுக்குப் போயிரும்.

அந்த வருசம் அவ புருசன் முத்திருளன் சந்தையில நூல் வாங்கியாந்தாராம். பால் மாதிரி வெள்ளை. "பாத்தியா, எம்புட்டுச் சுத்தம்"னு அவருக்குப் பெருமை. சீனியம்மா மோந்து பாத்தாளாம்.

"ஏங்க, பருத்தி என்னைக்கு இம்புட்டு வெள்ளையா இருந்துச்சு? காரம் போட்டு வெளுத்திருக்கான். கஞ்சியும் ஏத்திருக்கான். இதுல சாயம் நிக்காது."

அவரு கேக்கலை. ஒரு சிட்டம் நூலைச் சாயத்துல முக்கி எடுத்து அலசுனதும், செவப்பு பூராம் தண்ணியோட போயிருச்சாம். மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு.

சீனியம்மா ஊர் ஊராப் போனா. வெளுக்காத நூல் இருக்கா? இல்லை. கஞ்சி போடாத நூல் இருக்கா? இல்லை. மழை பொய்ச்ச வருசம், பருத்தியே இல்லையாம். வீட்டுக்கு வந்தவ தன் பெட்டியைத் திறந்தா. உள்ள பழுப்பு நூல், பருத்திக்கொட்டைத் தூசி ஒட்டுன நூல். தன் கையால நூத்தது. அத்தனையும் எடுத்துச் சாயத்துல முக்கிட்டா.

நெசவு முடிஞ்சு ஆடி வெள்ளி அம்மனுக்குக் கட்டுனாக. அப்படி ஒரு செவப்பை ஊரு பாத்ததில்லையாம். ஊர்த்தலைவரு அம்பலம் கேட்டாராம், "ஏத்தா சீனி, பஞ்சத்துல இந்த நூல் எங்க கெடச்சுச்சு?"

அம்மன் முன்னாடி பொய் சொல்ல முடியுமா? சொல்லிட்டா. "நான் செத்தா எனக்குப் போத்துற கோடித் துணிக்குன்னு நூத்து வச்சதுங்க."

பொணத்துக்கு வச்ச நூலு அம்மன் இடுப்புல. கொட்டடிக்கிறவன் கை அந்தரத்துல நின்னுச்சாம். "கழட்டுங்கடா"ன்னு அம்பலம் கத்துறாரு, ஒருத்தனுக்கும் அம்மனைத் தொடத் துணிச்சல் இல்லை.

சீனியம்மா சொன்னாளாம், "இது எந்தப் பொணத்தையும் தொடலை. அம்மனுக்குன்னு ஆனபெறகு எனக்கு இனிமே கோடியே வேண்டாம். செத்தா உடுத்துன சேலையோட தூக்கிருங்க."

ஐப்பசியில செத்துப்போனா. சொந்தக்காரவுக கோடி கொண்டாந்தாக. முத்திருளன் மறிச்சுட்டாரு, "அம்மன் முன்னாடி சொன்ன சொல்லு, போடக்கூடாது." கோடி இல்லாம ஒரு பொம்பளையத் தூக்குறதா? வாசல்ல நின்ன சனம் அம்பலத்தைப் பாத்துச்சாம்.

அப்பத்தான் அம்பலம் எந்திரிச்சுக் கோயிலுக்குப் போனாராம். போனவரு ரெண்டு கையிலயும் அம்மன் சேலையை ஏந்திக்கிட்டு வந்தாரு. கழட்டுன்னு கத்துன அதே அம்பலம். அவ மேல போத்திட்டுச் சொன்னாராம், "இது கோடி இல்லப்பா. அவளுக்குன்னு அவ நூத்தது."

அன்னையிலருந்து மணல்மேட்டுல அம்மன் சேலை நெய்யிறப்ப முந்தானையில ஒத்த இழையைச் சாயத்துல முக்க மாட்டாக. பழுப்பாவே ஓடும். சீனியம்மா இழைன்னு அதுக்குப் பேரு. அம்மன் கட்டுற சேலையில அந்த ஒரு இழை மட்டும் அம்மனுக்கு இல்லையாம், அவளுக்காம்.