கன்னிமாடத்தில் கமலாம்பிகை

– அங்கிள், கம்பிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. உள்ள வரக்கூடாது.

– ஏம்மா, வெளியில கெஸ்ட் ஹவுஸ்னு பெருசா போர்டு போட்டிருக்கீங்க. உள்ள வந்தா ஜெயில் மாதிரி மரக்கம்பி!

– இது கன்னியாஸ்திரிங்க இருந்த மடம்லா அங்கிள். சொந்தக்காரங்க பாக்க வந்தா இந்தக் கம்பிக்கு வெளிய உக்காந்துதான் பேசுவாங்களாம். முதலாளி அத அப்படியே வச்சிட்டாரு. வெள்ளக்காரங்க வந்து போட்டோ எடுக்கறாங்க.

– இப்பக்கூட அரைக்கால் சட்டையோட ஒருத்தன் விசிலடிச்சிக்கிட்டு உள்ள போனான். அவனுக்கு ரூல் இல்லியா?

– ரூல் உங்களுக்கு மட்டும்தான். ஆண்ட்டி ஆர்டர். 'அக்கரையில செபராங் ஜெயாவுலேருந்து கதிர்காமநாதன்னு என் வீட்டுக்காரர் வருவாரு, கையில ஃபைல் இருக்கும், வெளியவே நிறுத்து சலேஹா'ன்னு திங்கக்கிழமையே சொல்லிட்டாங்க. நானும் தெனம் கவுண்டர்லேருந்து ஃபைல் வருதான்னு பாத்துட்டே இருந்தேன். இன்னைக்குச் சனிக்கிழம.

– அதாவது... ஃபெர்ரியில கூட்டம்.

– அஞ்சு நாளாவா?

– கமலா!

– அங்கேயே நில்லுங்க. சலேஹா, நீ போகாத. எனக்குச் சாட்சி வேணும்.

– என்ன கமலா இது? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு மடத்துல வந்து உக்காந்திருக்க. உனக்குப் பின்னாடி தெரியற அறையில இருக்கற கட்டில்ல ஒரு ஆள் திரும்பிப் படுக்க முடியாது போலிருக்கே.

– ஒரு ஆள் படுக்கலாம். குறட்டை இல்லாம படுக்கலாம். காலையில மணியடிச்சா காப்பி வருது. நான் போடாத காப்பி! முப்பத்தெட்டு வருஷத்துல இதான் மொத தடவ.

– சரி, குடிச்சாச்சில்ல. வா, வீட்டுக்குப் போலாம்.

– எதுக்கு, கையெழுத்துக்கா? வீட்ட விக்கலாமான்னு என்ன ஒரு வார்த்த கேக்கல. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால இப்ப சைன் போட மட்டும் நான் வேணும். மகன் ஷா ஆலாம்ல அவன் வீட்டுக்கே வந்துடுங்கன்னு கூப்பிட்டான், நீங்க போன்லயே தலையாட்டிட்டீங்க.

– போன்ல தலையாட்டுனா அவனுக்கு எப்படித் தெரியும்? வாயாலதான் சரின்னேன். 'அப்பா, நீங்க ரெண்டு பேரும் அங்க தனியா இருக்கறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல'ங்கறான் நிருபன். அப்படிக் கேக்கற பையன்கிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்றது? உன்னால முடியுமா?

– முடியும். என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன். அது போகட்டும், நான் மேசையில வச்சிட்டு வந்த லெட்டர் கெடச்சுதா?

– கெடச்சுது. திங்கக்கிழமை காலையில பத்து அஞ்சுக்கு. தேதி ரப்பர் சாப் குத்தி, நம்பர் போட்டு, ஃபைல்ல சேத்தேன்.

– கேட்டியா சலேஹா? பொண்டாட்டி வீட்ட விட்டுப் போறேன்னு எழுதி வச்சா, இவரு சாப் குத்தறாரு! ஆபீஸ விட்டு வந்து பன்னெண்டு வருஷமாச்சு, சாப்ப மட்டும் விடல.

– வர்ற கடுதாசிக்கெல்லாம் ஒரு வரிசை இருக்கில்ல? முறைப்படி, மொதல்ல வந்தது மொதல்ல. தண்ணி ஆபீஸ் நோட்டீஸ், கோயில் பத்திரிகை, அப்புறம்தான் நீ.

– கோயில் பத்திரிகைக்கு அப்புறம் நான்!

– அல்லா! அங்கிள், இத எங்க வீட்டுக்காரரு சொல்லிருந்தா இந்தக் கம்பி இன்னேரம் ஒடஞ்சிருக்கும்லா.

– மொத பக்கத்தப் பாத்தேன் கமலா. 'ஜார்ஜ்டவுன்ல பழைய கன்னிமாடத்துல தங்கியிருக்கேன், பத்திரமா இருக்கேன்'னு இருந்துச்சு. சரி, ஆளு பத்திரம். ரெண்டாம் பக்கத்த... பெண்டிங்ல வச்சேன்.

– படிக்கவே இல்லியா? சலேஹா, அந்த ஃபைல வாங்கு. ரெண்டாம் பக்கத்த எடுத்துச் சத்தமாப் படி.

– நான் தமிழ்ப் பள்ளியில ஆறாவது வரைக்கும்தான் ஆண்ட்டி, மெதுவாத்தான் வரும். 'வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நீங்களே நேரில் வந்து என்னைக் கூப்பிட்டால், வீடு போனால் போகட்டும் என்று வந்து கையெழுத்துப் போடுகிறேன். வராவிட்டால் என் கையெழுத்து இந்த ஜென்மத்தில் கிடையாது. விற்கிற பேச்சும் அதோடு முடிந்தது. இப்படிக்கு, கமலாம்பிகை.' தேதி, எடம் எல்லாம் போட்டிருக்கு. யப்பா, சுல்தான் கடுதாசி மாதிரி இருக்குலா!

– நேத்து மத்தியானத்துலேருந்து இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டு, கையில பேனாவோட. வாசல்ல டாக்சி காடி நிக்கற சத்தம் கேட்டா எந்திரிக்கறது, அப்புறம் உக்கார்றது.

– ஆமா அங்கிள். அஞ்சடிச்சதும் பேனா மூடியப் போட்டாங்க. டீ வச்சேன், தொடல.

– கமலா...

– வீடு கூட எனக்குப் பெருசில்ல. ஒரு ஃபெர்ரி ஏறி வந்து, 'வா'ன்னு கூப்பிடுவாரா மாட்டாரான்னுதான் பாத்தேன். கோயில் பத்திரிகைக்குக் கெடச்ச நேரம் எனக்குக் கெடைக்கல.

– சரி. இப்ப நான் என்ன செய்யணும்?

– ஒண்ணும் செய்ய வேணாம். கெடு முடிஞ்சாச்சு. சைன் கெடையாதுன்னு உங்க மகன்கிட்டப் போய்ச் சொல்லுங்க.

– சொல்லிட்டேன்.

– என்னது?

– ஃபெர்ரி ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். 'அம்மா குடுத்த கெடு நேத்தோட முடிஞ்சுது தம்பி, இனிமே அப்பா கையில ஒண்ணும் இல்ல'ன்னு நிருபன்கிட்டச் சொன்னேன். லோயருக்கும் போன் போட்டு, வீடு விக்கலன்னு சொல்லியாச்சு.

– அங்கிள், ஒரு நிமிஷம். ரெண்டாம் பக்கத்த நான் இப்பத்தானே படிச்சேன். கெடு வெள்ளிக்கிழமைன்னு உங்களுக்கு அதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?

– சொல்லுங்க. புள்ள கேக்குதுல்ல.

– திங்கக்கிழமையே ரெண்டு பக்கத்தையும் படிச்சிட்டேன் கமலா. நேத்து முழுக்க எதிர்த்த சாப்பாட்டுக் கடையில உக்காந்து, எப்படா அஞ்சு மணி தாண்டும், நம்ம வீடு தப்பிக்கும்னு இந்த வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.