அன்னக்கொடி போட்ட கார்டுகள்

முத்திருளன்: சத்தியமா நான் எழுதலை, டீச்சர்.

பத்மாசினி: நீ எழுதினேன்னு நான் சொல்லவே இல்லையே முத்திருளா. உக்காரு மொதல்ல.

முத்திருளன்: இல்ல... ஆள் விட்டுக் கூப்பிட்டீங்களே. அலங்காநல்லூர்ல எல்லாப் பயலும் என் மூஞ்சியத்தான் பாக்குறாய்ங்க.

பத்மாசினி: பாக்கத்தான் செய்வாங்க. உன் பொண்டாட்டி அன்னக்கொடி ஸ்டவ் வெடிச்சுச் செத்து ஏழு மாசம் ஆச்சு. இன்னும் எங்க நுகர்வோர் மன்றத்துக்கு மாசம் தவறாம கார்டு வருது, அவ பேர்ல.

முத்திருளன்: எவனாச்சும் விளையாடுவான்...

பத்மாசினி: எங்க வீட்டுக்காரர் ஹரிராம் கேலி பண்றார். உங்க மன்றத்துலயே ஒழுங்கா கடுதாசி போடுறவ அந்தச் செத்தவ ஒருத்திதான்னு. சிரிக்கிறியா?

முத்திருளன்: இல்ல டீச்சர். சிரிப்பு எங்க வருது...

பத்மாசினி: இந்தா, ஆறு கார்டு. ஆறுலயும் அவ பெருவிரல் ரேகை. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து, பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாச்சு. அவளோடதேதான்.

முத்திருளன்: அது... நீங்க குடுத்த கார்டுதானே. மன்றத்துல சேந்தன்னைக்கே பன்னெண்டு கார்டுல ரேகைய உருட்டிக் குடுத்து விட்டீங்க.

பத்மாசினி: ஆமா. எழுதத் தெரியாத பொம்பளைங்களுக்காக நான் கண்டுபிடிச்ச வழி. வீட்டுல எழுதத் தெரிஞ்சவங்க யாராவது புகாரை எழுதிப் போட்டாப் போதும். ரேகை இருக்கு, எந்தக் கடைக்காரனும் பொய்யின்னு சொல்ல முடியாது. வேற எந்த ஊர் மன்றத்துலயும் இப்படி இல்லைன்னு நானே பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

முத்திருளன்: அதெல்லாம் அவ கூடவே எரிஞ்சுபோச்சு, டீச்சர்.

பத்மாசினி: அப்படியா. அப்போ இது எங்கிருந்து வருது? மோந்து பாரு... சீமெண்ணெய் வாடை அடிக்குதா?

முத்திருளன்: அடிக்குது.

பத்மாசினி: எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேல்ல. நீயே படி.

முத்திருளன்: "விளாங்குடி... இருளாயி வீடு. மஞ்ச டாங்கி ஸ்டவ். பத்த வைக்காதே..."

பத்மாசினி: கார்டு கிடைச்ச அன்னிக்கே ஓடினோம். டாங்கியில தண்ணி ஊத்திக் காத்தடிச்சுப் பாத்தா, அடியில சொட்டுது. அதுக்குப் பக்கத்துல பாய் போட்டு ரெண்டு பிள்ளைங்க தூங்குது.

முத்திருளன்: பிள்ளைகளுக்கு ஒண்ணும்...

பத்மாசினி: ஒண்ணும் ஆகல. அஞ்சாவது கார்டு பொதும்பு, நல்லகாமன் வீடு. அதுவும் அப்படியே. அஞ்சு வீட்டைக் காப்பாத்திட்டா அன்னக்கொடி.

முத்திருளன்: ஆறு கார்டுன்னீங்க...

பத்மாசினி: ஆறாவது பாண்டியம்மா வீடு. கார்டு என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அவ வெந்து செத்தது வியாழக்கிழமை.

முத்திருளன்: ஒரே ஒரு நாள்ல...

பத்மாசினி: தண்ணி குடி.

முத்திருளன்: வேண்டாம்.

பத்மாசினி: உங்க ஊர்ப் பொம்பளைங்க என்ன சொல்றாங்க?

முத்திருளன்: அந்தி நேரத்துல அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாளாம். ஒண்ணும் பேச மாட்டாளாம். அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்கிறாளாம். அதான் எல்லாரும் ஸ்டவ்வுக்கு மஞ்சக்குங்குமம் வெச்சு, அவளை எரிச்ச எடத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வாராங்க. நல்ல ஸ்டவ்வு, கெட்ட ஸ்டவ்வு எல்லாம் கெடக்கு, டீச்சர். காத்தடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உருண்டு... டங்கு டங்குன்னு சத்தம் கேக்குது. நான் அந்தப் பாதையிலயே போறதில்ல.

பத்மாசினி: உன் வீட்டுக்கு வந்தாளா?

முத்திருளன்: எனக்குத் தெரியாது.

பத்மாசினி: வந்தா தெரியாமலா போகும்?

முத்திருளன்: டீச்சர், என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க? அதைச் சொல்லுங்க. பஸ்ஸுக்குப் போகணும்.

பத்மாசினி: நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல கமிட்டி உக்காருது. தர முத்திரை இல்லாத ஸ்டவ்வை இந்த ஜில்லாவுல விக்கக் கூடாதுன்னு உத்தரவு கேட்டிருக்கோம். போன வருஷம் டெல்லியில நுகர்வோருக்குன்னு புதுச் சட்டம் போட்டப்புறம்தான் நம்ம பேச்சையும் காது குடுத்துக் கேக்குறாங்க. வியாபாரிங்க தரப்புல ஒரு வக்கீல் வர்றார். அவர் ஒரே கேள்விதான் கேப்பார்.

முத்திருளன்: செத்தவ எப்படி எழுதுனான்னு...

பத்மாசினி: அதேதான். எனக்குப் பதில் தெரியாது. கட்டு மொத்தமும் சோடிச்சதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. நாப்பது பொம்பளைங்க புகார் அதுல இருக்கு. அத்தனையும் போயிரும். கடையில அதே ஸ்டவ் தொங்கிக்கிட்டே இருக்கும்.

முத்திருளன்: ...உள்ள என்ன சத்தம், டீச்சர்?

பத்மாசினி: எது?

முத்திருளன்: புஸ்ஸுன்னு... சீறுதே.

பத்மாசினி: உனக்குக் காப்பிக்குப் பால் வெச்சிருக்கேன். ஸ்டவ்தான்.

முத்திருளன்: என்ன ஸ்டவ்வு?

பத்மாசினி: மஞ்ச டாங்கிதான். போன வாரம் ஹரிராம் சந்தையில பாத்து வாங்கிட்டு வந்தார். நல்லாத்தான் எரியுது.

முத்திருளன்: அடியில செவப்பு வளையம் இருக்கா?

பத்மாசினி: எங்க?

முத்திருளன்: டாங்கிக்கு அடியில, டீச்சர். சுத்தி ஒரு விரக்கடை அகலத்துக்குச் செவப்பு பெயிண்டு. இருக்கா இல்லையா?

பத்மாசினி: இருக்குன்னு நெனைக்கிறேன்...

முத்திருளன்: வெளிய வாங்க. எந்திரிங்க டீச்சர், வெளிய வந்துருங்க. கிட்டப் போகாதீங்க. நான் போய்க் காத்தத் தொறந்து விட்டுட்டு வாரேன். ஈயம் சூடேறிட்டா விட்டுரும், அது...

பத்மாசினி: முத்திருளா, உக்காரு.

முத்திருளன்: வெடிச்சிரும் டீச்சர்...

பத்மாசினி: அது குழாய். நாலு மணிக்குத் தண்ணி விடுறதுக்கு முன்னாடி காத்து வரும், இப்படித்தான் சீறும். எங்க வீட்டுல கேஸ் அடுப்பு. செவப்பு வளையம்னு எந்தக் கார்டுலயும் இல்ல. ஈயம்னும் இல்ல. உக்காருப்பா.

முத்திருளன்: ஸ்டவ் பட்டறையில கழிச்சுப் போட்ட டாங்கிங்க, டீச்சர். நான் அங்கதான் வேலை பாத்தேன். ஓட்டை டாங்கிய எடைக்கு எடுத்தாந்து, வீட்டுக் கொல்லையில வெச்சு ஈயத்த உருக்கி ஓட்டைய அடைச்சுப் பத்த வெச்சேன். பத்த வெச்ச எடம் தெரியக் கூடாதுன்னு மேல பெயிண்டு. சந்தை சந்தையா நானே தூக்கிட்டுப் போய் வித்தேன். வாங்கினவங்க ஊரும் பேரும் எனக்குத் தெரியும்.

பத்மாசினி: எத்தனை?

முத்திருளன்: இருவது. ஒண்ண எங்க வீட்டுலயே வெச்சேன். சந்தேகம் இருந்தா சொந்த வீட்டுல வெப்பேனா? நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்.

பத்மாசினி: கார்டெல்லாம்?

முத்திருளன்: அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சிருந்தா. அவளை எரிச்சுட்டு வந்து, சோறாக்க அரிசி எடுக்கையில கைக்குத் தட்டுப்பட்டுச்சு. இடது கையால எழுதினேன்... என் கையெழுத்து தெரியக் கூடாதுன்னு. அதுல அடிக்கிறது என் கையில ஊறுன சீமெண்ணெய் வாடைதான்.

பத்மாசினி: ஏன்ப்பா மாசத்துக்கு ஒண்ணு? எல்லாத்தையும் ஒரே கார்டுல எழுதியிருந்தா பாண்டியம்மா இன்னிக்கு இருப்பா.

முத்திருளன்: ஒண்ணா எழுதினா, இம்புட்டுப் பேருக்கும் வித்தவன் எவன்டான்னுதான் மொதல்ல கேப்பீங்க. அதான் ஒவ்வொண்ணா... பாண்டியம்மா பேரை அதுக்கு முந்தின மாசமே எழுத நெனச்சேன். நல்லகாமன் வீட்டுல கைப்பிள்ளை இருக்கேன்னு அதை முன்னால எழுதினேன். நான்தான் வரிசை போட்டேன், டீச்சர். சாகுறதுக்கு வரிசை.

பத்மாசினி: மிச்சம் எத்தனை வீடு?

முத்திருளன்: பதிமூணு.

பத்மாசினி: சொல்லு, எழுதிக்கிறேன். இப்பவே ஆள் அனுப்பிடலாம்.

முத்திருளன்: பொதும்பு உக்கிரபாண்டி வீடு. சிவனாண்டி டீக்கடை... பேப்பரக் குடுங்க, நானே எழுதுறேன். வலது கையாலயே எழுதுறேன்.

பத்மாசினி: நாளைக்கும் வரணும். கமிட்டி முன்னாடி உன் வாயால சொல்லணும்.

முத்திருளன்: ஜெயில்ல போட்டுருவாங்க.

பத்மாசினி: போடுவாங்க. நான் இல்லேன்னு சொல்லலை.

முத்திருளன்: நீங்க சுளுவாச் சொல்லிப்புட்டீங்க. ஒரு தப்பும் செய்யாதவங்களுக்கு வாய் சுளுவா வரும்.

பத்மாசினி: ...அவ இங்க வந்தா, முத்திருளா.

முத்திருளன்: யாரு?

பத்மாசினி: அன்னக்கொடி. சாகுறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி. பேயா இல்ல, உசுரோட. வேர்க்க விறுவிறுக்க, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வெயில்ல நடந்தே வந்திருந்தா. நாங்க அன்னிக்குக் கமிட்டிக்கு மனு டைப் அடிச்சுக்கிட்டு இருந்தோம். அடுப்பு விஷயமா ஒண்ணு சொல்லணும் டீச்சர்னா. நான் தலையைக் கூட நிமித்தலை. வாயால சொன்னா ரெக்கார்டு ஆகாதும்மா, அதுக்குத்தானே கார்டு குடுத்திருக்கேன், வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எழுதிப் போடுன்னு அனுப்பிட்டேன். ஹரிராமுக்குக் கூட இது தெரியாது.

முத்திருளன்: வந்தாளா... என்கிட்ட சொல்லலை.

பத்மாசினி: மூணு நாள் கழிச்சு கார்டு வந்துச்சு. அவ உசுரோட இருக்கையில வந்தது அது ஒண்ணுதான். "நாங்கள் அனைவரும் நலம். எங்கள் வீட்டில் புகார் எதுவும் இல்லை." சரி, நல்லதுன்னு கட்டுல சேத்துட்டேன். இந்த ஏழு மாசமா அந்த ரெண்டு வரியத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவ என்னதான்ப்பா சொல்ல வந்தா?

முத்திருளன்: "என் வீட்டுக்காரர் ஈயத்தால பத்த வெச்சு விக்கிற டாங்கி ஒழுகுது, அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க டீச்சர்"னு எழுதச் சொன்னா. என் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வார்த்தையா, நான் எழுதுற வரைக்கும் காத்திருந்து சொன்னா. முடிச்சதும் கார்டை வாங்கி எழுத்து மேல விரல வெச்சுத் தடவிப் பாத்தா. "அம்புட்டும் எழுதிட்டீகளா"ன்னு கேட்டா... எழுதிட்டேன்னு சொன்னேன், டீச்சர்.