பள்ளிவாசலில் நின்று பார்த்த கொலிஜ்

கம்பனி பஸ்கள் ஓடிய ஐம்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் மடியில் சாரன் துணிக் கட்டோடு இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் கல்லடிப் பாலத்தில் நெசவுக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகு கையிலிருந்த பத்திரிகையை நான் புரட்டவேயில்லை.

“நான் கொலிஜுக்குள்ள போகவே இல்ல மச்சான்.”

“மகனச் சேர்க்கிறதுக்கு கொலிஜப் பாக்கத்தானே வந்தீங்க?”

“ஓம். பள்ளிவாசல்ல நிண்டு பாத்தன். அந்தப் போடிங் விடுதியில இருக்கிற நம்மட புள்ளைகள ஜும்ஆவுக்கு விடுறாங்களா எண்டு. உங்கட ராத்தாவுக்கு அதுதான் பயம்.”

“விட்டாங்களா?”

“பதினொரு பேர் வந்தாங்க.”

“அது பாதிரிமார்ர கொலிஜ். எத்தின பேர் பாஸ் எண்டாவது கேட்டிருக்கலாம்.”

“கேக்கத்தான் இருந்தன். புள்ளைகளோட ஒரு வாத்தியார் வந்தார், கிறிஸ்தவ வேதக்காரர். உள்ள வரல்ல, குடையோட வாசல்ல நிண்டார். தொழுதிட்டு வெளிய வந்தா நல்ல மழை. பதினொரு சோடி செருப்பும் குடைக்குக் கீழ இருக்கு. அவர் மழைக்குள்ள நிக்கார்.”

களுவாஞ்சிக்குடியில் பஸ் நின்றபோது தம்பி கேட்டார்.

“அப்ப எப்ப சேர்க்கப்போறீங்க?”

“திங்கக்கிழமை. அதுக்கு முதல் செருப்பு வாங்கணும். அவன் இன்னும் வெறுங்காலோடதான் திரியிறான்.”