கால் போட்ட பங்கு

மத்தியானம் மூன்றரை மணி. ஐந்தருவி ரோட்டிலிருந்து மேற்கே பிரிகிற ஒற்றை வழிப் பாதை. சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. குரங்குகூட இல்லை. என் சகலை மணிமுத்து, ஒரு குடை, அளக்கிற டேப்பு ஒன்று, தனியாக நடந்து போகிறான்...

என்ன முத்துக்குமரா, சிரிக்கிறாய்? பேய் மத்தியானம் வராதா? நைட் டூட்டி மட்டும்தான் பார்க்குமா? நீ போலீஸில் சேர்ந்து இரண்டு வருஷம். நான் ஏட்டாகி ஒன்பது வருஷம். கதை சொல்லச் சொன்னது நீங்கள். கரண்ட் போய்விட்டது, மழை விடுகிற மாதிரி இல்லை. சீசன் பந்தோபஸ்துக்கு வந்த எட்டுப் பேரும் விடிகிற வரை இந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில்தான் அடைந்து கிடந்தாக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். காலை ஆட்டாதே என்று எனக்குப் புத்தி வேறு சொல்கிறாய். வீட்டுக்கு ஆகாதாம். கொசு கடிக்கிறதப்பா, ஆட்டிவிட்டுப் போகிறேன்.

மணிமுத்து என் வீட்டுக்காரியின் தங்கை ஆனந்தவள்ளியைக் கட்டினவன். ஊர் இலஞ்சி. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவன் போனது பட்டாள ஆஸ்பத்திரிக்கு. உங்களில் பாதிப் பேர் அந்தக் கட்டிடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மரம் மூடிக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்காரர்களுக்குக் காய்ச்சல் கண்டால், சாரல் காற்றில் தேறட்டும் என்று இங்கே கொண்டுவந்து போடுவார்களாம்.

ஒரே நீளமான வார்டு. கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டின சுவர், இரண்டு முழக் கனம். சுவரில் இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு, கட்டில் நம்பர் இன்னும் அழியாமல் இருக்கிறது. கதவுக்கு எதிரே கதவு, ஜன்னலுக்கு எதிரே ஜன்னல். உயரத்தில் தேக்கு உத்திரம். வார்டின் முதுகோடு ஒட்டி, பின்பக்கம் ஒரு சந்து. ஒரு ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கும், அவ்வளவுதான் அகலம். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு... தாழ்ப்பாள் வெளியே. வெள்ளைக்காரனுக்குக் காற்று எந்த வழியாக வரும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டின புண்ணியவான், அந்தச் சந்தில் இருந்தவர்களுக்கு ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை.

இல்லை, தப்பு. ஓட்டை இருக்கிறது. உயரத்தில், வார்டுச் சுவரில், நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை உருளை. அது காற்றுக்கு இல்லை. அதற்கு வருகிறேன்.

மணிமுத்துவின் பூட்டன் சுடலையாண்டி அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. சாகிறதுக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "பங்க விட்ராதலே... பங்க விட்ராதலே..." வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி நிலத்தில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று. தாத்தா மனுப் போட்டார், அப்பா மனுப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் அவர்களுக்குப் பெயரே பங்கு வீட்டுக்காரர்கள். கேலிதான். மணிமுத்து அந்தக் கேலியிலேயே வளர்ந்தவன். கட்டிடத்தை இடித்துவிட்டு ரிசார்ட் கட்டப் போகிறார்கள் என்று இந்த சீசனில் ஒரு பேச்சு வந்தது. அதற்குள் ஒரு அத்தாட்சியாவது கண்ணில் பட்டுவிடாதா என்று கிளம்பிவிட்டான்.

வாட்ச்மேன் பாரூக், கடையநல்லூர்க்காரன். நல்ல மாதிரி. கேட்டைத் திறந்துவிட்டான்.

"வார்டெல்லாம் அளந்துக்கிடுங்க அண்ணாச்சி. பின்னால சந்துக்குள்ள மட்டும் போகாதீங்க. அங்கன ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு நீ எப்படிச் சொல்லுத? எங்க பூட்டனுக்கு இதுல பங்கு இருக்கு."

"சரி, உங்க இஷ்டம். நான் அஸர் தொழுதுட்டு வந்துருதேன்."

பாரூக் போய்விட்டான். மணிமுத்து வார்டை அளந்தான். ஒன்றும் இல்லை, நம்பர்கள்தான். பிறகு போகாதே என்ற இடத்துக்கே போனான். நாம் எல்லோரும் அப்படித்தானே.

சந்துக்குள் பினாயில் வாடை. யாருமில்லாத கட்டிடத்தில் பினாயில் எங்கிருந்து வந்தது? அதற்கு அடியில் இன்னொரு வாடை... காய்ச்சல் விடுகிறபோது வருகிற வேர்வை வாடை. அவனுக்கு அது தெரியும். அஸ்ஸாமில் மலேரியா வந்து கிடந்தவன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், சுவரின் கீழ்ப்பக்கம் நாலு இடத்தில் முதுகு சாய்ந்து சாய்ந்து வழவழவென்று குழிந்திருக்கிறது. மூன்றாவது குழிக்கு மேல் ஆணியால் கீறின எழுத்து. சுடலையாண்டி. அதன் பக்கத்திலேயே, பாசி படிந்து, பங்கு.

மூன்று தலைமுறையாகத் தேடினது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். பாசியைத் துடைக்கக்கூட நேரமில்லை, போட்டோ எடுத்து ஆனந்தவள்ளிக்கு அனுப்பினான். "பங்கு கெடச்சிட்டுட்டி" என்று ஒரு மெசேஜ். அப்புறம் கால் வலிக்கிறதே என்று செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டன் சாய்ந்த குழியிலேயே சாய்ந்து உட்கார்ந்தான். முதுகு சரியாகப் பொருந்தியது. ஓட்டையிலிருந்து பழைய கயிறு ஒன்று தொங்குகிறது, துணி காயப்போடுகிற கயிறு என்று நினைத்திருக்கிறான். காலை நீட்டினான்.

பதில் வந்தது. ஆனந்தவள்ளி அங்கன்வாடி டீச்சர். எழுத்து விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"அது பங்கு இல்ல. கடைசி எழுத்துக்குக் கால் இருக்கு. பாருங்க."

அவன் எழுத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

கயிற்று நுனியில் ஒரு சுருக்கு. அவன் பாதத்தில் மாட்டியிருக்கிறது. அவன் மாட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு மெள்ள மேலே போனது... கால் அதோடு போனது... அப்புறம் தளர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வார்டில், பெரிய படுதா ஒன்று அசைந்து நின்ற மாதிரி ஒரு சத்தம். ஃபூ... அவ்வளவுதான்.

பங்கா. பெரிய கோர்ட்டுகளில் அந்தக் காலத்தில் இருந்ததாம். கூரையிலிருந்து நீளமாக ஒரு துணிப் பலகை தொங்கும். ஒருவன் வெளியே உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் அது ஆடும், உள்ளே காற்று வரும். கை ஓய்ந்தால் காலில் கட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். ராத்திரி பூரா. சந்தில் நாலு பேர், உருளைக்கு ஒருவர். அவர்கள் ஓடிவிடக் கூடாதே என்றுதான் தாழ்ப்பாள் வெளியே.

க்ளக். அந்தத் தாழ்ப்பாள் விழுந்தது. மணிமுத்து உதறின உதறலில் செல்போன் கையை விட்டுப் போய், இரண்டு முழத்துக்கு அப்பால் விழுந்தது.

சுருக்கை அவிழ்க்கக் குனிந்தான். கால் நின்றது. டொம்... காதுப் பக்கத்தில் சுவரில் ஒரு பூட்ஸ் வந்து விழுந்த சத்தம். பூட்ஸ் இல்லை. சத்தம் மட்டும். மறுபடியும் முயற்சி பண்ணினான். டொம்... இன்னும் பக்கத்தில். மூன்றாவது தடவை விலாவில். மூச்சு நின்றுவிட்டதாம். அப்புறம் அவன் நிறுத்தவில்லை. மடக்கினான், நீட்டினான். உருளை கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் ஃபூ... ஃபூ... யாரோ ஒருவன் தூக்கத்தில் முனகி, சுகமாகத் திரும்பிப் படுத்தான்.

பாரூக் திரும்பி வந்து "அண்ணாச்சி... அண்ணாச்சி" என்று வார்டில் கூப்பிட்டது இவனுக்கு நன்றாகக் கேட்டது. இவன் தொண்டை கிழியக் கத்தினது அவனுக்குக் கேட்கவில்லை. வௌவால் கிறீச்சிடுகிறது என்று நினைத்தானாம். சந்துக் கதவு தாழ் போட்டபடியே இருக்கிறது, பிறகு எதற்கு உள்ளே பார்க்க வேண்டும்? ஆள் கிளம்பிவிட்டார் போல என்று கேட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனந்தவள்ளி, ஆனந்தவள்ளி என்று பெயர் வந்து வந்து அணைகிறது. கையை நீட்டினால் ஒரு சாண் போதவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் பாட்டரி தீர்ந்தது.

அன்றைக்கு நான் ஐந்தருவியில் டூட்டி. அவன் கிடந்த இடத்துக்கும் எனக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு ஆனந்தவள்ளி எனக்கும் போன் பண்ணினாள்.

"அத்தான், அவுக பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போனாக. இன்னும் வரல. போன் அடிக்கி, எடுக்க மாட்டேங்காக. ஒரு எட்டு போய்ப் பாருங்க அத்தான்."

"ஏட்டி, எங்கனயாவது அருவியில குளிச்சிக்கிட்டுக் கிடப்பான். வந்துருவான். பேசாமப் படு."

சொல்லிவிட்டு நான் புரோட்டா தின்னப் போனேன். மழையில் யார் நடப்பது என்ற சோம்பல், வேறொன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு மனது ஆறவில்லை.

காலையில் ஆறரைக்கு பாரூக் வார்டைத் திறந்தான். உள்ளே ஜில்லென்று இருந்ததாம். தரையில் வருஷக்கணக்காகக் கிடந்த தூசியெல்லாம் இரண்டு ஓரத்திலும் ஒதுங்கி, நடுவில் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய்ச் சந்துக் கதவைத் திறந்திருக்கிறான். மணிமுத்து சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி, காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி... பாரூக் கத்தியால் கயிற்றை அறுத்தான். கால் நிற்கவில்லை.

நானும் போய்ப் பார்த்தேன். சந்துப் பக்கம் ஓட்டை இருக்கிறது, கயிற்று முனை உள்ளே போகிறது. வார்டுப் பக்கம் வந்து பார்த்தால் ஓட்டையே இல்லை. எப்போதோ பூசி, வெள்ளையடித்து, மொழுமொழுவென்று இருக்கிறது. அவன் விலாவில் லாடம் அடித்த பூட்ஸின் குதிகால் அப்படியே பதிந்திருந்தது. பாரூக் மறுநாளே வேலையை விட்டுவிட்டான்.

ஆனந்தவள்ளிதான் எனக்கு விளக்கினாள். "பங்க விட்ராதன்னு சொல்லல அத்தான் அந்த மனுசன். பங்கா விட்ராதன்னு சொல்லியிருக்காரு. சாவும்போதும் இழுத்துக்கிட்டேதான் கிடந்திருக்காரு."

டாக்டர்கள் பார்த்தார்கள். நரம்பில் ஒன்றும் இல்லை. பகலில் நன்றாக நடக்கிறான். இருட்டினால் கால் தொடங்கிவிடும். தூக்கம் போச்சு. ஒரு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான். ஒரு நாள் அவள் துண்டால் காலைக் கட்டிலோடு கட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். டொம்... அவர்கள் வீட்டுச் சுவரில். கட்டை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

போன வியாழக்கிழமை அங்கே தங்கினேன். அவன் கிடந்த கோலத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் படுத்து என் காலை அவன் கால்மேல் போட்டேன். "சகல, நீ தூங்குலே. இன்னைக்கு ஒரு ராத்திரி நான் இழுக்கேன்" என்றேன். வாய் தவறிச் சொன்னதில்லை. தெரிந்துதான் சொன்னேன். ஐந்தருவியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்காத கால்தானே இது. அவன் என்னைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கால் நின்றது. குறட்டை விட்டுத் தூங்கினான். அன்றிலிருந்து தினமும் தூங்குகிறான்.

கதை அவ்வளவுதான்.

முத்துக்குமரா, கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. ஃபேன் ஓடவில்லை, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, எட்டுப் பேர் நெருக்கியடித்துக் கிடக்கிறோம். யாருக்காவது வேர்க்கிறதா?

காலை ஆட்டாதே என்று சொன்னாயே...

நிறுத்தட்டுமா?