எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினேன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரரும் அவர் மனைவியும். முதல் முறையாக ஒரு ரிமோட் விமானத்தைத் தானே ஒட்டிச் செய்ய அவருக்கு ஆசை. எந்த கிட் வாங்கலாம் என்று போனில் இரண்டு படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல சக்கரமே இல்லியே. எலுமிச்சம்பழத்த எங்க வைக்கறது?"

"இன்னாது?"

"ஆட்டோ எடுத்தப்போ வெச்சோம்ல? பழத்த நசுக்காம எடுத்தா எந்த வண்டி விளங்கும்?"

"செல்வி, இது தெர்மாகோல் மாதிரி. விழுந்தா ஒட்டிக்கலாம். கத்துக்கறவனுக்கு இதான் சரி. சக்கரம் வெச்சது இருக்கே, அது மரம். ஒருவாட்டி விழுந்தா தூள்."

"பூஜை போட்டா ஏன் விழுது? சக்கரம் வெச்சது வாங்குங்க, இல்ல ஒண்ணும் வேணாம்."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு ஸ்டேஷன் கடந்தன. என் மடியிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கமும் நகரவில்லை.

"சக்கரம் இல்லாம அது எப்படிக் கெளம்பும்?"

"கையில தூக்கிக்கினு ஓடி வீசணும்."

"யாரு ஓடறது?"

"நாந்தான்."

"அப்ப அதையே வாங்குங்க. உங்க ரெண்டு செருப்புக்கு அடியிலயும் ஒவ்வொரு பழம் வெக்கறேன். நசுக்கிட்டு ஓடுங்க."