துடுப்பு நீட்டிய துறை

விஷ்க். விஷ்க். புளியவிளார் காற்றைக் கிழிக்கிற சத்தம். ரொம்பக் காலத்துக்கு முன்னால், காவிரிக்கரையில் முள்ளுக்காட்டுத்துறை என்கிற ஊரில், பூவாத்தாள் என்ற சின்னப் பெண் அதைக் கேட்டாளாம். அடித்தவர் பண்ணைக் காரியக்காரர் நல்லண்ணன். அடிபட்டவன் அவள் அண்ணன் ராக்கியண்ணன். பண்ணை நெல்லைத் திருடினான் என்று பழி. திருடியவர் காரியக்காரரேதான். கட்டிவைத்த மரத்தடியிலேயே அண்ணன் உயிர் போனது. ஊர் நின்று பார்த்தது. ஒரு வாயும் திறக்கவில்லை. அந்த ஊரை என்ன சொல்லித் திட்டுவது?

பூவாத்தாள் வளர்ந்தாள். அப்பன் ஓட்டிய பரிசலை அவளே ஓட்டினாள். காரியக்காரர் ஆறு தாண்டப் பண்ணைப் பரிசல் உண்டு. அது ஓட்டையாகிப்போன ஒரு நாள், ஆடிமாதப் புதுத்தண்ணீரில், இவள் பரிசலில் வந்து ஏறினாராம். தலை நரைத்திருந்தது. வாய் நரைக்கவில்லை.

"இப்ப எவன் பேச்சுக் கேக்கறான்? அந்தக் காலத்துல ஒரு விளாரு போதும் புள்ள, ஊரே அடங்கிக் கெடக்கும்."

"ராக்கியண்ணன்னு ஒருத்தன் இருந்தானுங்களே. நெனப்பிருக்குதுங்களா?"

"எந்த ராக்கியண்ணன்? எத்தனையோ பேரத் தோலுரிச்சேன். பேரெல்லாமா நெனப்புல வெப்பாங்க?"

மறந்துவிட்டாராம். கொன்றுவிட்டு மறந்துவிட்டாராம்.

பரிசல் கவிழ என்ன வேண்டும்? விளிம்பில் ஒரு காலை வைத்து அழுத்தினால் போதும். அவளுக்கு நீச்சல் தெரியும், அவருக்குத் தெரியாது. அவள் கால் தானாக விளிம்புக்குப் போனதாம். பரிசல் சாய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது. அந்நேரம் அவள் நாக்கில் எச்சில் ஊறியதாம், பட்டினி கிடந்தவள் முன்னால் சோற்றை வைத்தாற்போல. தூ என்று ஆற்றில் துப்பினாள். விளாரை ஓங்கும்போது இந்த ஆளுக்கும் இப்படித்தானே ஊறியிருக்கும்?

காலை எடு என்றாள் தனக்கே. கால் கேட்கவில்லை. எடு என்றாள். கேட்கவில்லை. எடுடி கழுதை என்றாள். கால் வந்தது. கை வரவில்லை. அவர் மண்டையைப் பிளக்கத் துடுப்போடு கை துடித்தது. அந்தத் துடுப்பை அவரிடமே நீட்டினாள்.

"புடிங்க."

"என்ன புள்ள வெளையாட்டு?"

"அந்த ராக்கியண்ணன் எனக்கு அண்ணனுங்க. இது என்ற கையில இருந்தா நீங்க கரையேற மாட்டீங்க. புடிங்க."

வாங்கிக்கொண்டார். அவள் இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துவிட்டாளாம். பரிசல் ஆட்டுக்கல் குழவியாய்ச் சுற்றியது.

"ஐயோ ஆத்தா, எப்படிப் போடறது?"

"முன்னால குத்தி, தண்ணியை உங்க பக்கமா வாருங்க. பண்ணை நெல்லை வாரற மாதிரிதானுங்க. பழக்கந்தானே."

வாரினார். அழுதுகொண்டே வாரினார். எங்கேயோ ஆற்றோடு கீழே போய், கரையோரம் ஒரு பாறையில் பரிசல் முட்டியது.

"மன்னிச்சிரு ஆத்தா."

"மாட்டேனுங்க. எறங்குங்க."

அந்தப் பாறைக்குத்தான் துடுப்பு நீட்டிய துறை என்று பேர். அந்த ஆற்றில் இன்றைக்கும் பரிசல்காரர் நடு ஆற்றில் துடுப்பை நீட்டினால், ஏன் என்று கேட்கக்கூடாது. வாங்கி, நீங்களே போட்டுக் கரையேற வேண்டும். பூவாத்தாள் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

நல்லண்ணன் வெகுகாலம் கழித்து, பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, தன் வீட்டுக் கட்டிலில் செத்தார்.