மேற்குச் சுவர்

— உக்காருக்கா மொதல்ல. புத்தூர்ல முத பஸ்ஸா? இரு, டீ சொல்றேன்...

— டீ குடிக்க வர்ல சந்திரா. கம்ப்யூட்டர்ல அந்தப் படத்த எடு.

— எந்தப் படம்?

— எந்தப் படமா? நம்ம ஊர் ஆஸ்பத்திரி படம்டா. எம் தம்பி வரைஞ்ச ஆஸ்பத்திரின்னு காலனி பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே, அது.

— அது மூணு வருசத்துக்கு முன்னாடி போட்டதுக்கா. பழைய ஃபைலெல்லாம் எங்க கீதோ... இப்ப இன்னாத்துக்கு?

— மேக்கால செவுத்த இடிக்கப் போறோம். எந்த எடத்துல இடிச்சா கட்டடம் உழாதுன்னு சொல்லு.

— மெதுவா பேசுக்கா.

— இன்னாத்துக்கு மெதுவா? உங்க ஆபீஸ்ல சத்தம் வந்தா செவுரு விரிசல் உடுமா?

— கவர்மெண்ட் பில்டிங் அது. கைய வச்சா கேஸு. யாரு... யாரு இடிக்கிறது?

— எம் மருமவன்தான், தேன்மொழி புருசன்.

— முனியப்பன் மாப்ளயா? அவரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைல இல்ல கீறாரு?

— வந்துட்டாரு. கொழந்தயப் பொதைக்க வந்த மனுசன், இன்னும் திரும்பிப் போவல. இன்னாடா தலயத் தொங்கப் போட்டுக்கினே? சாவுக்கு வராதவன் இப்ப குனிஞ்சி இன்னா ஆவப் போவுது?

— லீவு கெடைக்கலக்கா. ஒரு சர்ச் ப்ளான் அவசரமா முடிக்கணும்னு...

— அந்த சர்ச்சுக்கு எத்தினி வாசல்?

— இன்னா?

— கேக்கறேன் இல்ல, சொல்லு. எத்தினி வாசல்?

— மூணு. முன்னால ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு.

— சாமி கும்புட மூணு. புள்ள பெக்க ஒண்ணு. அந்த ஒண்ணும் எங்களுக்கு முதுகக் காட்டிக்கினு.

— தேன்மொழி எப்பிடிக் கீறா?

— கீறா. அந்தச் செவுத்தப் பாத்துக்கினே படுத்துக் கீறா. எங்க ஊட்டு வாசல்ல நின்னா அதான்டா தெரியும். வெள்ளையடிச்சி, தாயும் சேயும் நல்லா இருக்கணும்னு தெலுங்குல பெருசா எழுதிக் கீறாங்க. ஊட்ல இருந்து அந்த எழுத்துக்கு எட்டு வச்சி நடந்தா நாப்பது. எண்ணிட்டேன். வாசலுக்கு எவ்ளோ, தெரியுமா உனக்கு?

— தெரியும்க்கா.

— இன்னா தெரியும்? சொல்லு பாக்கலாம்.

— வடக்கால கோயில் மதிலு. தெக்கால மாந்தோப்பு வேலி. ஏரிக்கரை மேல சுத்திக்கினு போயி, ஊருக்குள்ள பூந்து, பெரிய தெரு வழியா வரணும். முக்கா கிலோமீட்டர் ஆவும்.

— கம்ப்யூட்டர்ல பாத்தியா, நடந்து பாத்தியா? அன்னிக்கு கங்கம்மா ஜாத்தர. பெரிய தெருவுல குறுக்கால பந்தல் போட்டுட்டாங்க. சாமி வர்ற நேரம், தீட்டு, இந்தப் பக்கம் வராதீங்கன்னுட்டானுங்க. காலனி ஆம்பளைங்கதான் உனக்குத் தெரியுமே, பாதி பேரு பெங்களூரு, மீதி பேரு மெட்ராஸு. நாலு பொம்பளைங்க அவளக் கட்டலோட தூக்கிக்கினு ஏரிக்கரைல நின்னோம். மத்தியான வெயிலு. கையெடுத்துக் கும்புட்டேன்டா அவனுங்கள. அர மணி நேரம். நர்சம்மா உள்ளதான் கீறா. செவுத்துக்கு அந்தாண்ட.

— போதும்க்கா.

— உனக்குப் போதும். கரை மேலயே பொறந்துச்சி. கழுத்துல கொடி சுத்திக்கினு, ஒடம்பு நீலமா... யாரோ போய்ச் சொல்லி நர்சம்மா ஓடியாந்தா. வந்து பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் முந்தி கொண்டாந்திருந்தா காப்பாத்தி இருப்பேனேன்னு தலைல அடிச்சிக்கினா. பொண்ணுடா. தலைமுடி எம்மாம் கருகருன்னு இருந்துச்சி தெரியுமா?

— அக்கா...

— அழுவாத. நீ அழுதா எனக்கு வயிறு எரியுது. படத்த எடு.

— எடுக்கறேன். இரு... ஹரிபாபு சார் வர்றாரு. எங்க மொதலாளி. கண்ணத் தொடச்சிக்கோ. எதுவும் பேசிடாத.

— சந்திரா, கல்யாண மண்டபம் ப்ளான் அயிந்தா?

— ஆச்சி சார். ப்ரிண்ட் எடுக்கறதுதான் பாக்கி.

— ஈ அம்மா எவரு?

— ஊர்க்காரங்க சார். தரிசனத்துக்கு வந்தாங்களாம். அப்பிடியே பாத்துட்டுப் போலாம்னு...

— ஓ, மீ ஊரா? பேரு ஏமிம்மா?

— தாட்சாயணி சார்.

— தரிசனம் நல்லா ஆச்சாம்மா? கூட்டம் ஜாஸ்தியா?

— இன்னும் ஆவல சார். ஒருத்தருக்கு மொட்ட போட வேண்டியது கீது. அத முடிச்சிட்டுத்தான்.

— பாகுந்தி, பாகுந்தி. சந்திரா, நாலு மணிக்கு ப்ரிண்ட் நா டேபிள் மீத உண்டாலி.

— சரி சார். வச்சிடறேன் சார். ...போய்ட்டாரு.

— ஊர்க்காரங்களா நானு?

— அக்கா, அது வந்து...

— நைனாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனா உன்ன இடுப்புல வச்சிக்கினு திரிஞ்சவடா. பள்ளிக்கூடம் போவாம நின்னவ. நான் ஊர்க்காரங்களா?

— அக்கான்னு சொன்னா எந்தத் தெரு, யாரு ஊட்டுப் புள்ளன்னு அடுத்த கேள்வி வரும். இங்க யாருக்கும் தெரியாதுக்கா. வாடகைக்குக் கீற ஊட்லயும் சொல்லல. சொன்னா அந்த ஊடும் இல்ல.

— அப்ப, வாசலத் திருப்பினதும் அதுக்குத்தானா?

— நான் திருப்பல.

— உன் கைதானடா?

— கை என்துதான். கேளு. மொதல்ல போட்டப்ப வாசல் மேக்கதான் இருந்துச்சி, காலனிக்கு நேரா. எல்லா ஊருக்கும் ஒரே ப்ளான்தான் வரும். எடத்துக்குத் தகுந்தா மாதிரி நாங்க திருப்பி வைப்போம். நான்தான் மேக்க பாத்து வச்சேன். அன்னிக்கு எனக்கு சந்தோசம் தாங்கல. அப்பால சர்பஞ்சு ஒரு வாஸ்துக்காரரக் கூட்டிக்கினு இங்கயே வந்துட்டாரு. மேக்கு வாசல் ஊருக்கு ஆவாது, கெழக்க வையின்னு...

— எந்த ஊருக்கு ஆவாது?

— அதான்க்கா. வாஸ்துன்னா வாஸ்தா? காலனி ஜனம் மொத ஆளா உள்ள பூந்துடும், அவங்க ஆளுங்க பின்னால நிக்கணும். அதுக்குப் பேரு வாஸ்து. சார் என்னப் பாத்து, மிரர் கொட்டு சந்திரான்னாரு.

— அது இன்னா?

— கண்ணாடில பாக்கற மாதிரி. மௌஸ்ல ரெண்டு தட்டு தட்டினா மேக்கு கெழக்காயிடும்.

— எத்தினி நேரம் ஆவும் அதுக்கு?

— ...அஞ்சு செகண்டு.

— சுளுவாத்தான் கீது உங்க வேல. ஒரு வார்த்த கேக்கலியா நீ? அந்தாண்ட நூத்தி இருவது குடும்பம் கீதே சார், அதுங்க எப்பிடி வரும்னு?

— சர்பஞ்சு என்னிய அடையாளம் கண்டுக்கினாருக்கா. ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு. நம்ம ஊர்ப் புள்ளையா, ரொம்ப சந்தோசம்னாரு. நான் வாயத் தொறந்தா அவரும் வாயத் தொறப்பாரு. அந்தச் சிரிப்புக்கு அதான் அர்த்தம்.

— பயந்துட்ட.

— பயந்துட்டேன். போதுமா? எட்டு ஆபீஸ் ஏறி எறங்கி கெடச்ச வேல. நம்ம காலனில சேர் போட்டு உக்காந்து வேல செய்யற மொத ஆளு நானு.

— நீ சேர்ல உக்காந்த. நாங்க கட்டலத் தூக்கிக்கினு நின்னோம்.

— என்னியே குத்தறியே, செவுரு எழும்பச்சே நீங்கல்லாம் எங்க போனீங்க? வேடிக்கதான பாத்தீங்க?

— பாத்தோம்டா. வேலைக்கு எங்க ஆளுங்கள எடுக்கல, சித்தூர்ல இருந்து மேஸ்திரி ஆளுங்களக் கொண்டாந்தான். தகரத்த வச்சி மறைச்சிக்கினு கட்டினானுங்க. தகரத்த எடுத்தா மொழுக்குனு ஒரு செவுரு. சரி, வாசல் அப்பால ஒடைச்சி வைப்பாங்கன்னு இருந்தோம். வெள்ளையடிச்சாங்க, அப்பவும் இருந்தோம். ரிப்பன் வெட்டினாங்க, அப்பவும்... வரைஞ்சவன் எந்தம்பியாச்சே, தப்பா வரைவானான்னு எல்லார் வாயையும் அடைச்சவ நான்தான். சரி. போனது போச்சி. எந்த எடத்துல இடிக்கலாம்? அதச் சொல்லு.

— எங்கயும் இடிக்கக் கூடாதுக்கா.

— ஏன்?

— உள்ள பில்லர் கீது. மேல பீம் போவுது. தப்பான எடத்துல குத்தினா தளமே எறங்கிடும்.

— மாப்ள பெங்களூர்ல பன்னெண்டு மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கறவரு. பில்லர் எங்க கீதுன்னு தட்டிப் பாத்தே சொல்லிடுவாரு. நான் கேக்கறது வேற. அந்தச் செவுத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?

— இன்னா தெரியும்னா?

— ஒண்ணும் தெரியாது இல்ல? நீ கோடு போட்ட, கட்டினவன் வேற. உள்ள இன்னா வச்சிக் கட்டினான், எப்பிடிக் கட்டினான், உனக்கு எதுவும் தெரியாது. அப்பிடித்தான?

— ஏன்க்கா அப்பிடிக் கேக்கற?

— தெரியாதுன்னு சொல்லு. எழுந்து போய்க்கினே இருக்கேன். இனிமே இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்.

— ...

— சொல்லு சந்திரா. வேலைக்காரன், சொன்னதச் செஞ்சேன், வேற எதுவும் தெரியாதுன்னு சொல்லு. நான் ஒத்துக்கறேன்.

— நீ நெனைக்கற அளவுக்கு நான் கெட்டவன் இல்லக்கா.

— யாரு கெட்டவன்னா? தெரியாதுன்னு ஒரு வார்த்ததான கேக்கறேன்.

— இரு, கதவச் சாத்திட்டு வர்றேன். ...நான் சொன்னேன்னு வெளிய வரக் கூடாது.

— வேணாம் சந்திரா. எதுவும் சொல்லாத. மணி ஆவுது, நான் கெளம்பறேன்.

— உக்காரு. மூணு வருசமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்குது. வாசலத் திருப்பின அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல. ரெண்டு நாள் கழிச்சி சைட்டுக்கு வந்தேன்.

— ஊருக்கு வந்தியா நீ?

— ஒரு தடவ. சர்பஞ்சு கூடவே இருந்தாரு, அதான் ஊட்டுக்கு வர முடியல. அவரு அந்தாண்ட போனப்போ மேஸ்திரிய தனியாப் புடிச்சேன். மேக்கால செவுத்துல தெக்கு மூலைலருந்து எட்டடி தள்ளி, கதவு ஒசரத்துல ஒரு லிண்டல் போட்டுடுன்னேன். வாசலுக்கு மேல செவுத்தத் தாங்கும் பாரு, அந்தக் கான்கிரீட்டு. அதுக்குக் கீழ நாலடி அகலத்துக்கு சிமெண்ட் வைக்காத, மண்ண வச்சிக் கட்டி மேல பூசிடுன்னேன். நல்ல மனுசன், ஏன்னு கூட கேக்கல. வாசல் அங்கயேதான்க்கா கீது. பூசி மூடி கீது, அவ்ளோதான். பில்லரு பீமுன்னதெல்லாம் சும்மா. ஒரு ஆளு கடப்பாரையால குத்தினாப் போதும், ஒரு மணி நேரத்துல தொறந்துக்கும். மேல ஒண்ணும் ஆவாது. உங்களுக்காகத்தான் செஞ்சேன். மாப்ளகிட்ட சொல்லு, எட்டடி. டேப் வச்சி அளக்கச் சொல்லு. ...இன்னாக்கா, ஒண்ணும் பேச மாட்டேங்கற?

— ஏன்டா அப்பவே சொல்லல?

— நேரம் பாத்துக்கினு இருந்தேன். எலக்சன் முடியட்டும், சர்பஞ்சு மாறட்டும்னு... இங்க வேல பெர்மனண்ட் ஆவட்டும்னு.

— எம் பொண்ணு கரைல கட்டல்ல கெடந்த அன்னிக்கும் உனக்கு இது தெரியும்.

— ...தெரியும். அதான் சாவுக்கு வர்ல. அவ மூஞ்சில முழிக்க முடியல என்னால. இப்பதான் சொல்லிட்டேன் இல்ல? போய்த் தொறங்க.

— தொறந்தாச்சு. நேத்து காலைலயே மாப்ள செவுத்தத் தட்டிப் பாத்து, சத்தம் மாறின எடத்துல கடப்பாரையப் போட்டுட்டாரு. நாலு குத்துல மண்ணு பொலபொலன்னு கொட்டுச்சி, மேல லிண்டல் அப்பிடியே நின்னுச்சி, அளவா ஒரு வாசல். காலனியே வாயப் பொளந்துக்கினு பாத்துச்சி. தேன்மொழி படுக்கைல இருந்து எழுந்து வந்து பாத்தா. பத்து நாளா வாயே தொறக்காதவ, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இது மாமாவுக்குத் தெரியுமாம்மான்னா. தெரியாதுடி, மேஸ்திரி ஏதோ தப்பாக் கட்டிக் கீறான், மாமாவுக்குத் தெரிஞ்சிருந்தா எப்பவோ ஓடியாந்து சொல்லியிருப்பான்னேன். அத உன் வாயால ஒரு தடவ கேட்டுக்கினு போலாம்னுதான்டா முத பஸ்ஸப் புடிச்சி வந்தேன்.